மேடையா, ஒலிப்பதிவுக் கூடமா?

பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனுக்கு மேடைதான் உயிர். 1976-இல் லண்டன் விக்மோர் ஹாலில் கடைசிக் கச்சேரி செய்தபோது வயது 89. கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது. இளமையில் சுரங்களைத் தவறவிட்டதை அவரே ஒப்புக்கொண்டவர்.

இன்னொரு பியானோ கலைஞர் கிளென் கூல்ட் நேர்மாறு. 1964-இல், 31 வயதிலேயே கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டார். அதன்பின் ஒலிப்பதிவுக் கூடம்தான்: ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, நன்றாக அமைந்ததை வெட்டி ஒட்டலாம். இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பை 1955-இல் சுமார் 38 நிமிடத்தில் பதிவு செய்தவர், 1981-இல் 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். அப்பா செய்து கொடுத்த குட்டை நாற்காலி இரண்டு முறையும் கூடவே இருந்தது (வாசிக்கும்போது முனகும் பழக்கமும்தான்).

பிசிறில்லாத வாசிப்புக்குக் கூல்ட். எனக்கென்னவோ, எந்த நொடியும் சறுக்கலாம் என்ற அந்த மேடைப் படபடப்புதான் பிடிக்கிறது.