கியோட்டோவா, பாரிஸா?

புவி வெப்பமாவதைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட இரண்டு ஒப்பந்தங்களில், 1997இன் கியோட்டோ ஒப்பந்தம் கண்டிப்பான வாத்தியார். வளர்ந்த நாடுகள் 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக 5 சதவீதம் பசுங்குடில் வாயு (வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு போன்றவை) உமிழ்வைக் குறைத்தாக வேண்டும். தவறினால் விட்ட அளவோடு 30 சதவீதம் சேர்த்து அடுத்த கட்டத்தில் ஈடுகட்ட வேண்டும். பிரம்பு இருந்தது, வகுப்பில்தான் ஆளில்லை. அமெரிக்கா கையெழுத்திட்டும் உள்ளே வரவில்லை. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இலக்கே கிடையாது. கனடாவோ இலக்கை எட்ட முடியாதென்று தெரிந்ததும் 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டது.

2015இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் சேர்ந்தன. இலக்கை அவரவரே எழுதிக்கொள்ளலாம். எட்டாவிட்டால் தண்டனை இல்லை. பல்லில்லாத ஒப்பந்தம்தான். ஆனாலும் நான் இதன் பக்கமே சாய்வேன். அன்று ஏறக்குறைய 4 டிகிரி என்றிருந்த நூற்றாண்டு இறுதிக்கான புவி வெப்ப உயர்வுக் கணிப்பு இன்று 3 டிகிரிக்கு அருகில் இறங்கியிருக்கிறது. (சூரிய மின்தகடுகள் மலிவானதற்கும் இதில் பெரும் பங்குண்டு.) உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வது என்ற பாரிஸ் இலக்கு மட்டும் இன்னும் எட்டாக்கனி.