எஃப்எம்2-க்கு 35-உம் 105-உம் போதும்

நிக்கான் எஃப்எம்2 மாதிரி ஒரு மேனுவல் பிலிம் கேமரா கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி லென்ஸ்தான். தெரு, முகம், வீட்டு விசேஷம், பயணம் எல்லாமே எடுக்க வேண்டும். பையும் கனக்கக் கூடாது. பலரும் சொல்லும் வழிகள் மூன்று: 28, 50, 105 என மூன்று லென்ஸ் (எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் நெருங்கும்), 35-105 ஜூம் ஒன்று மட்டும், அல்லது 35, 105 என ஒரு ஜோடி. நான் வைத்திருப்பது ஜோடியை.

ஜூமின் வசதி தெரிந்ததுதான். பகல் வெளிச்சத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. டிஜிட்டல் என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏற்றிவிடலாம். பிலிமில் ஐஎஸ்ஓ 400 ரோல் ஒன்று போட்டால் 36 படமும் 400தான். புஷ் செய்வதானாலும், அதாவது அதிக நேரம் டெவலப் செய்து வேகத்தை ஏற்றுவதானாலும், முழு ரோலையும் செய்தாக வேண்டும். ஆகவே லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது.

ட்யூப்லைட் எரியும் அறை ஒன்றில் 35 எஃப்/2 லென்ஸுக்கு 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூம் அங்கே எஃப்/3.5 வரைதான் திறக்கும். ஷட்டர் 1/20-க்கு இறங்க வேண்டும். டயலில் அந்த எண் கிடையாது, 1/15தான். முகத்துக்காக 105-க்கு நீட்டினால் எஃப்/4.5 ஆகிவிடும். தனி 105 எஃப்/2.5-இல் 1/125 கிடைக்கிற, இதைவிட வெளிச்சமான இடத்தில்கூட ஜூமுக்கு 1/40கூட வராது. கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடிவிடும். ஃபோகஸும் படுத்தும்: ஜூமின் திறப்பு சிறிது என்பதால், வியூஃபைண்டர் நடுவில் ஃபோகஸ் பார்க்க இருக்கும் இரண்டாகப் பிரிந்த ஸ்ப்ளிட் வட்டத்தில், கண் சற்று விலகினாலும் ஒரு பாதி கறுத்துப்போகும்.

105 எஃப்/2.5 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1984-இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே அகதி முகாமில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் எஃப்எம்2-இல் இதே லென்ஸ் மாட்டி எடுத்ததுதான்.

சரி, மூன்று லென்ஸ் வைத்தால் என்ன? வெளிச்சத்தில் குறையில்லை. ஆனால் 28-க்கும் 50-க்கும் நடுவில் 35 ஒன்றே ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. எடுக்காமல் கிடக்கும் லென்ஸில் நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதும் இருக்கிறது. குறுகிய அறையில் கூட்டமாக நிற்பவர்களை எடுக்கும்போது மட்டும் 28 இல்லையே என்று தோன்றும். பறவை, விளையாட்டு எல்லாம் நான் எடுத்துப் பழகாதவை. அவற்றுக்கு இந்த ஜோடி போதும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் 50 எஃப்/1.8 வாங்குங்கள், விலையும் குறைவு. எதை வாங்கினாலும் அது ஏஐ அல்லது ஏஐ-எஸ் வகையா (லென்ஸின் திறப்பைக் கேமராவுக்குத் தெரிவிக்க நிக்கான் 1977 முதல் கொண்டுவந்த இணைப்பு முறை) என்று பாருங்கள். 1977-க்கு முந்தைய, மாற்றி அமைக்கப்படாத பழைய நிக்கார் (நிக்கானின் சொந்த) லென்ஸை எஃப்எம்2-இல் மாட்டக் கூடாது. லென்ஸின் திறப்பை உணரும் நாக்கை முந்தைய எஃப்எம் கேமராவில் மடக்கிவைக்கலாம், இதில் முடியாது. அழுத்தித் திருகினால் உடைந்துவிடும்.