ஆறு மான் சீசன், ஒரு தீட்டுக்கல்

கனடாவில் ஒன்டாரியோவின் பான்கிராஃப்ட் பக்கம், நவம்பர் தொடக்கத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு 2018இலிருந்து போய்வருகிறேன். சுடுவதில் நான் சுமார்தான். அதனால் குடல் எடுப்பது, உரிப்பது, எல்லாருடைய கத்தியையும் தீட்டிக் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

முதல் வருடம் கொண்டுபோனது, கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற சின்னச் சாதனம். உள்ளே வி வடிவில் இரண்டு கார்பைடு துண்டுகள். நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். தொடை மூட்டில் ஒருமுறை பட்டதும் போய்விடும். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் கத்தியின் வாய் எலி கடித்த மாதிரி இருந்தது. அது தீட்டவே இல்லை, இரும்பைச் சுரண்டித் தள்ளியிருக்கிறது.

அடுத்த வருடம் ஃபால்க்னிவன் டிசி4 வாங்கினேன். சுவீடன் நிறுவனத்தின் தீட்டுக்கல். 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. சொச்சம் அகலம், ஒரு பக்கம் 25 மைக்ரான் வைரத்துகள், மறுபக்கம் செராமிக். தோல் உறையோடு சட்டைப்பையில் அடங்கிவிடும். வாங்கியதற்கு முக்கியக் காரணம், இதற்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். விடிகாலை மைனஸ் எட்டில் கல்லில் தண்ணீர் விட்டால் தீட்ட முடியாது, சறுக்கு விளையாடலாம்.

காட்டில் நான் செய்வது ரொம்பக் கொஞ்சம். முழுத் தீட்டலை வீட்டிலேயே பெரிய கல்லில் முடித்துவிடுவேன். மான் பாதி உரிந்திருக்கும்போது கத்தி வழுக்க ஆரம்பிக்கும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் உள்ள வெள்ளைச் சவ்வு அறுபடாமல் இழுபடும். அப்போதே நிறுத்திக் கத்தியைத் துடைத்துவிட்டு, செராமிக் பக்கத்தில் இந்தப் புறம் ஆறு, அந்தப் புறம் ஆறு. அழுத்தவே கூடாது, கத்தியின் எடை போதும். பெரும்பாலும் வாய் தேய்ந்திருக்காது, எலும்பில் பட்டு ஒருபக்கமாக மடிந்திருக்கும். அது நிமிர்ந்தால் சரி. இன்னும் மழுங்கிப் போனால்தான் வைரப் பக்கம். அதில் தேய்த்த பிறகு கட்டைவிரலைக் குறுக்காக வைத்து மெல்லத் தடவினால் மறுபுறம் பிசிறு தட்டுப்படும். பிசிறு வந்தால் பக்கம் மாற்ற வேண்டும்.

என் கத்தி சாதாரண மோரா கம்பானியன். வாயை ஒட்டி அதன் பக்கங்களில் உள்ள சரிவு அகலமானது, கல்லில் படுக்க வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். இருட்டில், விரல் மரத்த நிலையில் இது பெரிய உதவி. நண்பர் ஒருவருடையது எஸ்30வி என்ற கடின வகை எஃகு. கூர் நெடுநேரம் நிற்கும், ஆனால் ஒருமுறை மழுங்கினால் செராமிக் அதை லேசில் அசைக்காது. வைரத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

குறையும் உண்டு. கல் சின்னது, பிடிக்க இடம் போதாது. இரண்டாவது சீசனில் கத்தி கல்லைத் தாண்டி வந்து ஆட்காட்டி விரலைப் பதம் பார்த்தது. இப்போது கல்லை மரக்கட்டையின் விளிம்பில் வைத்துத்தான் தீட்டுகிறேன். செராமிக் பக்கம் சாம்பல் நிறமாக அடைத்துக்கொண்டால் கடிக்காது. பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்தால் வெளுக்கும். வைரப் பக்கம் முதல் வருடம் முரட்டுத்தனமாக அரித்தது, பிறகு பழகிவிட்டது. சருகில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால், உறையில் வேட்டை அங்கியின் ஆரஞ்சு நிற நாடாவைக் கட்டி வைத்திருக்கிறேன்.

கல்லைவிட அதிகமாக வேலையைக் குறைத்தது வேறொன்று: தோலை வெளியிலிருந்து அறுப்பதை விட்டதுதான். மான் முடிக்குள் மண்ணும் தூசியும் நிறைய. மேலிருந்து அறுத்தால் கத்தி அத்தனையையும் அறுக்க வேண்டும். சின்னதாக ஒரு கீறல், கத்தியை உள்ளே விட்டு, வாய் மேல்நோக்கி இருக்க, உள்ளிருந்து வெளியே அறுக்கிறேன். முன்பு ஒரு மானுக்கு மூன்று தடவை தீட்டியவன், இப்போது ஒரு தடவையோடு முடிக்கிறேன்.

போன சீசனில் கல்லை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். குடிலில் இருந்த பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத அந்த வளையத்தில் தேய்த்தேன். இரண்டு மான் தாங்கியது. கோப்பைக்காரருக்குத்தான் அடியில் இருக்கும் கறுப்புக் கோடுகள் எப்படி வந்தன என்று இன்னும் தெரியாது.