ட்ரெட்டினாயின்: நீண்ட நாள் பூசியவளின் அனுபவம்

ஐம்பதைத் தாண்டியதும் தோல் மருத்துவர் எனக்கு 0.025% ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) க்ரீம் எழுதிக் கொடுத்தார். சில வருடங்களாக விடாமல் முகத்தில் பூசுகிறேன். பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் கூடியதா?

கண்ணாடியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கொலாஜன் இருப்பது மேல்தோலுக்கு அடியில். சிறு துண்டு தோலை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்படிச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். வெயிலால் கெட்ட தோலில் 0.1% ட்ரெட்டினாயினை 10 முதல் 12 மாதம் பூசியபோது முதல் வகை கொலாஜன் உருவாவது 80% கூடியது. மருந்து சேர்க்காத க்ரீம் பூசியவர்களுக்கு 14% குறைந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அங்கேயே நடந்து 2007இல் வெளியான ஆய்வு. பங்கேற்றவர்களின் சராசரி வயது 87! ஒரு கையின் உட்புறம் 0.4% ரெட்டினால் (இதுவும் வைட்டமின் ஏ வகைதான்) லோஷன், மறு கையில் வெறும் லோஷன், 24 வாரம். ரெட்டினால் பூசிய கையில் கொலாஜனாக மாறும் மூலப்பொருளான புரோகொலாஜன் கூடியிருந்தது. ஒரே ஆளின் இரண்டு கைகள் என்பதால் உணவு, வயது, பரம்பரை என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

அதனால் நானும் முகத்தோடு இடது முன்கையில் மட்டும் ட்ரெட்டினாயின், வலதில் வெறும் மாய்ஸ்சரைசர் என்று வைத்துக்கொண்டேன். ஆரம்ப வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் எரிந்து தோல் உரிந்தது. அப்புறம் முகம் வழவழப்பானது. இந்த வழவழப்பைப் பார்த்துத்தான் பலரும் கொலாஜன் வந்துவிட்டது என்கிறார்கள். அது மேல்தோலில் நடக்கும் மாற்றம். கண்ணோரத்து மெல்லிய கோடுகள் மங்க ஒரு வருடம் போல ஆனது. இடது கையில் கசங்கல் குறைந்திருப்பது இப்போது நன்றாகவே தெரிகிறது. வாயருகே உள்ள ஆழமான மடிப்புகள் அப்படியே இருக்கின்றன.

கொலாஜன் க்ரீமுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்குவதே அரிது. கொலாஜனோ ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். ஈரப்பதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகும். ட்ரெட்டினாயின் முகத்துக்குப் பட்டாணி அளவு போதும். வாரம் இரண்டு இரவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது.