கேப் டவுனில் எங்கே தங்கலாம்: டி வாட்டர்கான்ட், சீ பாயின்ட், டாம்பர்ஸ்க்ளூஃப்

டர்பனில் ஃப்ளோரிடா ரோடு பக்கம் நம் ஆண் ஜோடி ஒன்று அறை எடுத்தால், விடிவதற்குள் நம் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பேட்டையில் அத்தை வீட்டுக்குச் செய்தி போய்விடும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. 2006 நவம்பரிலிருந்து சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ளலாம். அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? அதனால்தான் நாங்கள் விமானம் ஏறி கேப் டவுன் போகிறோம். அங்கே பேட்டைக்குப் பேட்டை தங்கும் அனுபவம் மாறும்.

எல்லாரும் முதலில் சொல்வது டி வாட்டர்கான்ட். கல் பாவிய ஏற்றத் தெருக்கள், பழைய சின்ன வீடுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள், கீழே இறங்கினால் சோமர்செட் ரோடு. இரவு பார் முடிந்து கைகோத்து நடந்தே அறைக்குத் திரும்பலாம்; டர்பனில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்துக் குன்றான சிக்னல் ஹில்லில் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர தினமும் பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். அதுவரை தூங்குகிறவர்கள் கட்டிலிலிருந்து துள்ளி எழுவார்கள். கார் நிறுத்துவதும் பெரும்பாடு. ஆண்களுக்கு மட்டும் என்று நடத்தும் இடங்களும் உண்டு, எனவே தங்கையோ தோழியோ கூட வந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதல், மேலே இருக்கும் போ-காப் பேட்டை. ஞாயிறு காலையில் பாகில் ஊறித் தேங்காய்த்துருவலில் புரட்டிய சூடான கூசிஸ்டர் என்ற பொரித்த பலகாரம் வாங்கித் தின்றால் பாதிக் கோபம் போய்விடும்.

சீ பாயின்ட்டில் பெரும்பாலும் ஃபிளாட்டுகள்தான். வாசல் பெட்டியில் எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்வீர்கள், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இன்னும் வெளியே சொல்லாத ஜோடிக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. காலைச் சாப்பாடு உங்கள் பாடு. கடலோர நடைபாதை அருமை. நம்மவர்கள் கூடும் கிளிஃப்டன் மூன்றாம் கடற்கரை பக்கத்தில்தான். டர்பன் கடல் என்று நினைத்துக் குதித்துவிடாதீர்கள்: தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். வெயில் கொளுத்தும் நாளிலும் கால் விறைக்கும்.

என் ஓட்டு டாம்பர்ஸ்க்ளூஃபுக்கு. மலையடிவாரத்தில், வீட்டுக்காரரே குடியிருந்து, அறையோடு காலைச் சாப்பாடும் தந்து நடத்தும் பி அண்ட் பி. வாசலில் வானவில் கொடி இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. முன்பதிவுக்கு முன் போன் போட்டு, "நாங்கள் இரண்டு ஆண்கள், ஒரே கட்டில் போதும்" என்பேன். "சரி, எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று உடனே பதில் வந்தால் அறை நமக்கு. அந்தப் பக்கம் ஒரு மௌனம் விழுந்து, "தனித்தனிக் கட்டில் போட்ட அறையும் இருக்கிறது" என்று இழுத்தால், நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

போன புரட்டாசியில் தங்கிய இடத்தை நடத்தியவர்களும் ஆண் ஜோடிதான். முட்டை, பேக்கன், சாசேஜ் ஒன்றும் வேண்டாம் என்றதும் ஒருவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை மேசையில் வதக்கிய காளான், தக்காளி, பொரித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் ஒரு பாட்டில் ஊறுகாய்! "இந்த விரதம் எப்போது முடியும்?" என்று கேட்டு, தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதிக்கொண்டார். எதிரில் இருந்த ஜெர்மன் தம்பதிக்கு என் துணைவர் புரட்டாசி பற்றி வகுப்பே எடுத்துவிட்டார். எங்களை யாரும் அண்ணன் தம்பியா என்று கேட்கவில்லை.

குறையும் உண்டு. இரவு வெளியே போனால் ஊபர் வேண்டும், காலைச் சாப்பாட்டு நேரம் கறார். பெரிய ஹோட்டல் கிளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையைத் தேய்த்தால் அறை.

அறை கிடையாது என்று முகத்துக்கு நேரே யாராவது மறுத்தால், 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே இயங்கும் சமத்துவ நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

டிசம்பர், ஜனவரியில் மூன்று பேட்டையிலும் விலை தலைசுற்றும். புரட்டாசி வாக்கில் போனால் சீசன் சூடுபிடித்திருக்காது. டாம்பர்ஸ்க்ளூஃபில் பேரம்கூடப் பேசலாம்.