டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) எடுக்கப் போறீங்களா? என் 14,800 ரூபாய் போன விதத்தைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து மதியம் 3 மணிக்கு டெண்டர் மூடிடுச்சு. அந்த நேரத்துல நான் பாரிமுனையில ஒரு ஏஜென்ட் ஆபீஸ் மாடிப்படியில நின்னு போன் அடிச்சிட்டிருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். போனது 14,800 ரூபாய், அதோட மூணு மாசமா கணக்குப் போட்டு வச்சிருந்த வேலையும். இன்னும் ஆத்திரம் அடங்கல.

அம்பத்தூர்ல சின்னதா எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் பண்றேன். இதுவரைக்கும் சப் கான்ட்ராக்ட்தான். முதல் தடவையா என் பேர்லயே அரசு டெண்டர் போடலாம்னு இறங்கினேன். ஆன்லைன் டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வேணும். 2021ல கிளாஸ் 2ங்கிற வகையை நிறுத்தினதுக்கு அப்புறம் கிளாஸ் 3 தான். தெரிஞ்சவர் ஒருத்தர் 'பாரிஸ்ல (பாரிமுனையிலதான்) போய்ப் பாரு'ன்னார். டிஎஸ்சி, ஜிஎஸ்டி, பான்னு போர்டு போட்ட ஆபீஸ்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, அதுல ஒண்ணு.

அந்த ஆள் தெளிவாத்தான் பேசினார். "அண்ணா, இது சும்மா சர்டிபிகேட் இல்ல. ஐடி ஆக்ட் 2000. பேனால போடற கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. மத்திய அரசோட கன்ட்ரோலர் லைசென்ஸ் கொடுத்த கம்பெனிதான் தரும்." அவர் சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. அதைக் கேட்டுத்தான் நம்பினேன். அரசாங்கம் பின்னாடி நிக்குற விஷயம், இதுல என்ன ஏமாத்து வரப்போகுதுன்னு நினைச்சேன். ரெண்டு வருஷச் சான்றிதழுக்கும் டோக்கனுக்கும் (சான்றிதழ் இருக்கிற, பென்டிரைவ் மாதிரி கம்ப்யூட்டர்ல செருகுற சின்னக் கருவி) 6,800, டெண்டர் போர்ட்டல்ல பதிவு பண்ண, 'அர்ஜென்ட்' பார்க்க 8,000. ஜிபே பண்ணிட்டேன். பான் கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு வீடியோ எடுத்தாங்க. ஃபார்ம்ல போன் நம்பர், மெயில் ஐடி ரெண்டும் அவரோடதைப் போட்டார். "ஓடிபி வந்தா உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னுதான் அண்ணா." தலையாட்டினேன். "டோக்கனும் இங்கயே இருக்கட்டும், ஃபைல் பண்றப்ப நானே சைன் பண்ணிடறேன்." அதுக்கும் தலையாட்டினேன்.

அப்புறம் தினமும் ஒரு காரணம். சர்வர் ஸ்லோ. அப்ரூவல் வரல. ஜாவா வெர்ஷன் ஒத்துக்கல. 'நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களுதுதான்'னு நாலு நாளைக்குச் சொன்னார். நேத்து காலையில 11 மணியோட போன் செத்துப்போச்சு.

ஒரு மணிக்கு நேர்ல போனேன். கடையில ஒரு பையன் மட்டும். கெஞ்சினதும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான். உள்ள முப்பது நாப்பது டோக்கன். ஒவ்வொண்ணுலயும் பிளாஸ்திரி ஒட்டி, பேனால பேரும் பின் நம்பரும். என்னோடதுல என் பேரைத் தப்பா எழுதி, கீழ 12345678. வயிறு கலங்கிடுச்சு. அந்த டப்பாவை யார் எடுத்தாலும் அத்தனை பேர் கையெழுத்தையும் போடலாம். எல்லாமே சட்டப்படி செல்லுபடியாகிற கையெழுத்து!

என் டோக்கனை வாங்கிட்டுப் போய், பக்கத்து பிரவுசிங் சென்டர்ல செருகிப் பார்த்தேன். சான்றிதழ் அசல்தான், கொடுத்தது லைசென்ஸ் உள்ள நிறுவனம்தான். ஆனா ரெண்டு வருஷத்துக்குப் பதிலா ஒரே வருஷம். போர்ட்டல் கணக்கு அவர் மெயில்ல, பாஸ்வேர்டு அவர்கிட்ட. திரும்ப அவர் ஆபீஸ் மாடிப்படிக்கே வந்து போன் அடிச்சிட்டிருக்கும்போதே மணி மூணு ஆச்சு.

சாயங்காலம் ஒருவழியா போனை எடுத்தார். "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது சார், ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." அண்ணா போய் சார் ஆயிட்டேன். 14,800 சார்!

சான்றிதழை ரத்து பண்ணலாம்னு அதைக் கொடுத்த நிறுவனத்துக்கு போன் போட்டா, பதிவான நம்பருக்கு ஓடிபி அனுப்பறோம்னாங்க. அது யார் நம்பர்? அவரோடதுதான். பான் நகலோட எழுத்துல அனுப்பச் சொன்னாங்க, இன்னைக்குக் காலையில அனுப்பிட்டேன். கையெழுத்துப் போடற சாவி (டோக்கனுக்குள்ள இருக்கிறது) வேற ஆள் கையில சிக்கிடுச்சுன்னா உடனே தெரிவிக்க வேண்டியது சான்றிதழ்காரரோட பொறுப்புன்னு அதே ஐடி ஆக்ட்ல 42வது பிரிவு சொல்லுதாம், நேத்து ராத்திரிதான் படிச்சேன்.

விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. இதை மட்டும் பண்ணுங்க. லைசென்ஸ் உள்ள நிறுவனங்களோட பட்டியல் கன்ட்ரோலர் தளத்துல இருக்கு, அதைப் பார்த்து நேரா அவங்ககிட்டயே விண்ணப்பிங்க. உங்க நம்பர், உங்க மெயில். டோக்கனையும் பின்னையும் ஆடிட்டரே கேட்டாலும் விட்டுட்டு வராதீங்க. ஏற்கனவே யார்கிட்டயாவது கொடுத்திருந்தா இன்னைக்கே போய் வாங்கி, பின்னை மாத்துங்க, எத்தனை வருஷம்னு திறந்து பாருங்க.

அடுத்தவர் டிஜிட்டல் கையெழுத்தை மோசடியா போட்டா ஐடி ஆக்ட் 66சி பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். என் டோக்கன் அந்த டப்பாவுல கிடந்த நாள்ல அதை வச்சு என்னென்ன சைன் ஆச்சோ, எனக்குத் தெரியாது. சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். 14,800க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கிட்டு இப்ப ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்.