மணியாச்சி வேன் டூர்: பாதிக் கதைதான் சொன்னார்கள்

பாளையங்கோட்டையில் ஏற்றி, மணியாச்சி, தூத்துக்குடி எல்லாம் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சரித்திர டூர் ஒன்றில் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வந்தோம். தலைக்கு 700 ரூபாய், காலை இட்லி வடையும் மதியம் மீன் குழம்புச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். சாப்பாட்டில் குறை இல்லை. வேனில் ஏசி என்று ஏதோ ஊதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கதை சொல்ல வந்த தம்பி நல்ல பேச்சுக்காரர். பாளையங்கோட்டையில் கலெக்டர் ஆஷின் கல்லறை, அப்புறம் மணியாச்சி பிளாட்பாரம். 1911 ஜூன் 17, ரயில் பெட்டிக்குள் மனைவியோடு இருந்த ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடத்துக்கு வந்ததும் விரலை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்கள், முன்னால் நின்ற பிள்ளை அழுதேவிட்டது.

சரி, ஆனால் இதே மணியாச்சிக்கு 1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்ட் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அதுவரை பொதுமக்களுக்கே திறந்துவிடாத புது ரயில் பாதையில் மதுரைக்குப் போகிற வழியில் இங்கே வண்டி நின்றது. பின்னாளில் பிஷப் ஆன மிஷனரிகள் கால்டுவெல்லும் சார்ஜெண்டும் திருநெல்வேலி ஜில்லாவின் கிறிஸ்தவ ஜனங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி நிறுத்தி வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். டிசம்பர் மழையில் கரிசல் மண் காலில் எப்படி அப்பும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, அதில் நின்றுதான் பார்த்திருப்பார்கள் அந்த ராஜ பவனியை.

அந்த எட்வர்டின் மகன்தான் ஐந்தாம் ஜார்ஜ். ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா 1911 ஜூன் 22, ஆஷ் விழுந்தது அதற்கு ஐந்தே நாள் முன்னால். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதமே அந்த முடிசூட்டைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தானே அந்த பிளாட்பாரத்தில் நிற்பதற்கே அர்த்தம்?

தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் சொன்னா நேரம் ஆயிரும் அண்ணாச்சி, தூத்துக்குடில மக்ரூன் கடை இருக்குல்லா" என்றார். மணியாச்சிக்கு இருபது நிமிஷம், மக்ரூன் கடைக்கு ஒன்றேகால் மணி நேரம்!

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். மக்ரூன் அரைக் கிலோ வாங்கினேன், தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் வேனிலேயே தீர்ந்துபோச்சு.